தபால்பெட்டித் திறப்பு

எங்கள் தெருவுக்குத் தபால்காரப் பெண் பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வருவார். மூன்றாம் மாடிக் குசினி யன்னலில் நின்றால் அவருடைய மஞ்சள் வண்டி மூலையில் திரும்புவது தெரியும். பென்சன் எடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். எனக்கு இது ஒரு வேலைதான். 2023 மார்ச்சில் என்னுடைய பென்சன் தொடங்கியது. 1957இல் பிறந்தவர்களுக்கு இங்கே 65 வயதும் 11 மாதமும் முடிய வேண்டும், அந்தக் கணக்குப்படி ஒரு நாளும் பிந்தாமல் வந்து சேர்ந்தேன்.

டோர்ட்முண்ட் நகரின் வடக்குப் பகுதியில் இருக்கிறோம். காலைச் சிப்டுக்கு எழும்பிப் பழகிய கண் இன்னும் நாலு மணிக்கே திறக்கிறது. தேத்தண்ணி குடித்து, விடிந்த பிறகு பிறெடன்பவும் பூங்காவில் ஒரு சுற்று நடந்து, வரும் வழியில் பாண் வாங்கி, சந்தை நாளென்றால் நோர்ட்மார்க்ட் பக்கம் போய்த் துருக்கிக்காரரிடம் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் பார்த்து, வீட்டுக்கு வந்தால் பத்தரை. அதற்குப் பிறகு தபால். ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை, தபாலும் இல்லை. வந்த புதிதில் அந்த ஞாயிறுகள் என்னைக் கொல்லும். இப்போது அப்படியில்லை, ஞாயிற்றுக்கிழமை யாரும் எனக்கு ஒன்றும் அனுப்ப முடியாது என்பதே ஒரு நிம்மதி.

இந்த நாட்டில் வாழ்க்கை கடிதத்தில்தான் நடக்கிறது. பென்சன் கூடினாலும் கடிதம், வீட்டு வாடகை கூடினாலும் கடிதம், தண்ணீர்க் கணக்கு, மருத்துவக் காப்புறுதி, வரி எல்லாம் கடிதம். இதில் நாற்பது வருடம் வாழ்ந்த பிறகும் எங்கள் வயதுக்காரர் பலர் தபால்பெட்டியைக் கண்டால் பயப்படுகிறோம். கடிதத்தை எடுத்து, திறக்காமல், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்து, சனிக்கிழமை மகனோ மகளோ வரும்போது நீட்டுகிறோம். எங்கள் வீட்டிலும் அந்த ரின் இருந்தது. டென்மார்க் பிஸ்கற் வந்த நீல ரின். பென்சன் எடுத்த கிழமை அதில் என் மனைவி தையல் நூலும் ஊசியும் போட்டு வைக்கும்படி செய்தேன்.

எங்கள் கடிதங்களை நாங்களே திறக்க வேண்டும் என்பது என்னுடைய கட்சி. வாசிக்கத் தெரியாவிட்டாலும் திறக்க வேண்டும். இதைச் சொன்னால், "பிள்ளைகள் இருக்கினம்தானே, பிறகேன் நாங்கள் மண்டையை உடைப்பான்?" என்பார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

1984 மார்கழியில் நான் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தேன். அந்தக் காலத்தில் எங்களில் அநேகர் வந்த பாதை அது. அடுத்த வருட நடுவில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த இரண்டு வருடத்தில் டொச் படித்திருக்கலாம். அகதி முகாமில் இருந்து கடுதாசி விளையாடினோம். எங்களுக்கு யாரும் வகுப்பு வைக்கவும் இல்லை, நாங்கள் தேடிப் போகவும் இல்லை. நாளைக்கு நாடு சரிவந்தால் போய்விடுவோம் என்ற நினைப்பு. பிறகு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, அதன் பிறகு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை. இயந்திரத்தோடு கதைக்க மொழி தேவைப்படவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார். சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

1999இல் என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து முடிவு சொல்ல வைத்தியர் கூப்பிட்டார். எனக்கு மத்தியானச் சிப்ட். லீவு கேட்டிருக்கலாம், கேட்டால் தந்திருப்பார்கள். "பிள்ளை போவாள்தானே, அவளுக்குத்தானே டொச் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பிள்ளைக்கு அப்போது 11 வயது. பள்ளிக்கூடத்தில் பாதியில் அனுமதி வாங்கிக்கொண்டு தாயோடு போனாள். வைத்தியர் சொன்னதைத் தாய்க்குச் சொன்னாள்: "சின்னக் கட்டியாம் அம்மா, எடுத்தால் சரியாம்." எனக்கும் இரவு அதையே சொன்னாள். நாங்கள் சந்தோசப்பட்டோம். நான் அடுத்த நாள் சொக்லேற் வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அதையும் அவளிடம்தான் நீட்டினேன். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதது. புற்றுநோய் என்று வைத்தியர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை, சொல் தெரிந்திருந்தாலும் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. மூன்று நாள் பள்ளிக்கூடம் போய், சாப்பிட்டு, படுத்து, அந்தச் செய்தியைத் தனியே வைத்திருந்திருக்கிறாள்.

மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்து சுகமாகிவிட்டது, இப்போது அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறா. ஆனால் அந்த மூன்று நாளைப் பற்றி மகள் முழுதாக எனக்குச் சொன்னது போன வருடம்தான். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வைத்தியர் சொன்ன டொச் சொல்லை அப்படியே சொன்னாள். "அந்த மூன்று நாளும் அம்மா சாகப்போறா எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு நினைச்சனான் அப்பா" என்றாள். இப்போது அவளுக்கு 37 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். நான் வெங்காயத்தைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

என் வயதுக்காரர் வீடுகளில் இப்படி ஒரு கதையாவது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்து நகரில் இருந்தவர். மனைவி முன்னமே காலமாகிவிட்டா. பென்சன் போதாமல் அரசின் அடிப்படை உதவியும் எடுத்துக்கொண்டிருந்தார். மகன் வேலை, பிள்ளைகள் என்று ஓடுகிறவன், ஆனாலும் கிழமைக்கு ஒருக்கால் வந்து "அப்பா, கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்பான். "ஒண்டும் இல்லையடா" என்பார் இவர். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று. திடீரென்று ஒரு நாள் பாரிசவாதம் வந்து, பேச்சும் போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே பெட்டி நிறையத் திறக்காத கடிதம். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ தவறாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அடிப்படை உதவி எடுக்கிறவர் ஒரு விண்ணப்பம் போட்டால் அந்தக் கட்டணம் இல்லை, மூன்று வருடம் வரை பின்னோக்கியும் கேட்கலாம். ஒரு கடிதத்தை விளங்கி வாசித்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய காசு.

காசைக்கூட விடுங்கள். மகன் வங்கிக்குப் போனான். "நீங்கள் யார்?" என்றார்கள். "மகன்" என்றான். "அதிகாரப் பத்திரம் இருக்கிறதா?" என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு இது மண்டைக்குள் ஏறாத விசயம். பெற்ற பிள்ளை என்பதற்காக இந்த நாட்டில் தகப்பனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. கணவன் மனைவிக்குக்கூட, 2023 தை முதலாம் திகதி வந்த சட்டத்தின்படி, மருத்துவ விசயங்களில் மட்டும், அதுவும் ஆறு மாதம்தான். பத்திரம் இல்லாவிட்டால் நீதிமன்றம் ஒரு பராமரிப்பாளரை நியமிக்க வேண்டும். கடைசியில் அந்த மகனையே நியமித்தார்கள் என்பது உண்மை. அது வரைக்கும் அவன் நீதிமன்றத்துக்கு ஒரு விண்ணப்பதாரி, அவ்வளவுதான். தகப்பனை எந்த இல்லத்தில் சேர்ப்பது, வீட்டை விடுவதா வைத்திருப்பதா, ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாமல் வாரக்கணக்கில் நின்றான்.

அந்தப் பத்திரத்துக்கு டொச்சில் ஃபோர்சோர்கஃபோல்மக்ட் என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், சொல்லி முடிக்கத்தான் நேரம் எடுக்கும். நான் இயங்க முடியாமல் போனால் எனக்காக இன்னார் முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. நீதி அமைச்சின் இணையத்தளத்தில் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. நகரத்தின் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனால் கையெழுத்தை 10 யூரோவுக்கு உறுதிப்படுத்தித் தருவார்கள். வங்கிக்கு மட்டும் அவர்களுடைய சொந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது, அவர்கள் தங்கள் தாளைத்தான் நம்புவார்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லலாமென்று ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் படிவம் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். அன்னதான வரிசையில் நின்ற ஒரு அக்காவிடம் நீட்டினேன். "தேர் நாளில சாக்கதையோ தம்பி?" என்று பேசிவிட்டா. மிச்சம் ஒன்பதும் பையிலேயே வீடு வந்தது. எங்கள் ஆட்கள் தேர் நாளில் ஊர்க் காணிச் சண்டை கதைப்பார்கள், யார் வீட்டில் யார் கோபம் என்று கதைப்பார்கள். அதெல்லாம் அபசகுனமில்லை.

நான் கடிதம் வாசிப்பதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் திகதியைப் பார்ப்பேன். பிறகு யூரோ போட்ட இலக்கம். பிறகு "ஃபிறிஸ்ட்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று விரலை ஓட்டுவேன், அதுதான் காலக்கெடு. பென்சன், வரி போன்ற முடிவுகளை மறுத்து எழுத ஒரு மாதம் உண்டு. மஞ்சள் உறையில் வந்தால் கூடுதல் கவனம். தபால்காரர் அதன் மேல் எழுதும் திகதியிலிருந்து நாள் ஓடத் தொடங்கும், தண்டப் பணம் போன்றவற்றுக்கு இரண்டு கிழமைதான். அந்த உறையை எறியக் கூடாது. மிச்சத்துக்குக் கைத்தொலைபேசியைக் கடிதத்தின் மேல் பிடித்தால் தமிழில் வருகிறது. அந்தத் தமிழும் ஒரு மாதிரித்தான், ஆனால் நல்லதா கெட்டதா என்பது விளங்கும். அதிலும் விளங்காவிட்டால் டோர்ட்முண்டின் 12 நகரப் பிரிவுகளிலும் முதியோர் அலுவலகம் இருக்கிறது. அங்கே இருக்கும் பெண் என்னுடைய உடைந்த டொச்சைப் பொறுமையாகக் கேட்பார். நாற்பது வருடத்தில் நான் ஒரு அலுவலகத்துக்குள் தனியே போனது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

பிழையும் விட்டிருக்கிறேன். போன வருடம் மின்சாரக் கணக்கு என்று நினைத்து ஒரு விளம்பரக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். அது வேறொரு நிறுவனத்தோடு புது ஒப்பந்தம். மகள்தான் 14 நாளுக்குள் எழுதி அதை இரத்துச் செய்தாள். "அப்பா, நீங்கள் வாசிச்சு, பிறகு நான் ஓடுறதைவிட முதலே என்னட்டத் தரலாமே" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. மனைவியும், "உங்களுக்குப் பொழுது போகேல்லை, அதுதான்" என்று ஒரு பக்கம். ஆனாலும் நான் விடவில்லை. மகள் சனிக்கிழமை வந்தால் இப்போது கடிதம் நீட்டுவதில்லை. பேரப்பிள்ளைகள் வெற்றுப் போத்தல்களைக் கடைக்குக் கொண்டுபோய் மெசினுக்குள் போட்டு, ஒன்றுக்கு 25 சதம் எண்ணுவார்கள், அவளும் நானும் பின்னால் நடப்போம். சில சனிக்கிழமைகளில் நாங்கள் ஒன்றுமே கதைப்பதில்லை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதிகாரப் பத்திரத்தைப் பங்குனி மாதம் போய் எழுதினோம், நானும் மனைவியும். மகளின் பெயரைப் போடுவதற்கு முதல் அவளிடம் கேட்டேன். இவ்வளவு காலமும் நாங்கள் அவளிடம் எதையும் கேட்டதில்லை, கடிதத்தை நீட்டியதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை மனைவியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போலத் திறக்காமல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தா. "உமக்கு வந்தது, நீரே திறவும்" என்றேன். முறைத்துவிட்டு, மரக்கறி வெட்டும் கத்தியை எடுத்து உறையைக் கிழித்தா. மார்புப் பரிசோதனைக்கான அழைப்பு, இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் வருவது. கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து, கன நேரம் பார்த்தா.

"வியாழக்கிழமை, ஒன்பது நாற்பது" என்றா.

"நானும் வரட்டே?"

"வாங்கோ. ஆனால் உள்ளுக்கு நான்தான் கதைப்பன்."