பதினோரு கோடியும் பதினாறு காசும்

2024 ஜூலை முதல் வாரம். செஞ்சிப் பக்கத்து அனந்தபுரம் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. டெலிவிஷனில் பம்பாய்க் கடற்கரைச் சாலை தெரிகிறது. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் வீரர்கள் பஸ்ஸின் மேல் நின்று ஊர்வலமாக வருகிறார்கள். ஜூலை 4ஆம் தேதி இரவு கிரிக்கெட் வாரியம் அவர்களுக்கு 125 கோடி ரூபாய்க்குக் காசோலை கொடுத்தது. மறுநாள் மகாராஷ்டிர முதல் மந்திரி தம் சர்க்காரின் பங்காக இன்னொரு 11 கோடியை அறிவித்தார்.

மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்து எண்ணெயும் பருப்பும் வாங்க வந்த ஒரு தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்மைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “ஏந்தம்பி, இவங்களுக்குச் சம்பளம் கெடையாதா? சும்மாவா ஆடுறாங்க?”

சம்பளம் உண்டு. 2023-24ஆம் வருஷத்தில் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு வாரியம் கொடுத்த வருஷச் சம்பளம் 7 கோடி ரூபாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் படி தனி. விளம்பர வருமானம் அதற்கு மேல். இதைச் சொன்னோம். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நமக்குத்தான் அந்தக் கேள்வி விட்டபாடில்லை.

ஆட்டக்காரர்களோடு நமக்கு வழக்கில்லை. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனின் தகப்பனார் தறித் தொழிலாளி; தாயார் தெருவோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். 2021இல் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே வென்று திரும்பிய இளைஞர் ஆறு பேருக்கு ஆனந்த் மகிந்திரா ஆளுக்கொரு ஜீப் வண்டியை இனாமாகக் கொடுத்தார். நடராஜனும் அதில் ஒருவர். நமக்கும் சந்தோஷம்தான். ஆனால், விளம்பரத்துக்குப் பெருந்தொகை கொட்ட வேண்டிய முதலாளிக்கு, ஆறு வண்டி செலவில் நாட்டிலுள்ள பத்திரிகைகளெல்லாம் படம் போட்டுக் கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வண்டிகளைப் பூட்டி முடித்த தொழிலாளிகளின் படம் எதிலும் வரவில்லை. 2024 பரிசிலேயே இன்னொரு சேதியும் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் ராகுல் திராவிடுக்கு 5 கோடி என்று ஒதுக்கினார்கள். மற்றப் பயிற்சியாளர்களுக்கு இரண்டரைக் கோடி என்றால் தமக்கும் அதுவே போதும் என்று அவர் சொல்லிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. சக உழைப்பாளியை நினைத்த மனிதர்!

“வாரியத்தின் பணம் வாரியத்தின் இஷ்டம்” என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். 11 கோடி யாருடைய பணம்? அது சர்க்கார் கஜானா. நெருப்புப் பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டும் ஜனங்களின் பணம். அதே கஜானாக்காரர்கள் உழைப்பாளிக்கு வெகுமதி கொடுக்கும்போது கை எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள். உத்தரகாண்டில் சில்க்யாரா என்ற இடத்தில் மலையைக் குடைந்துகொண்டிருந்த சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளிகள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அமெரிக்க இயந்திரம் வந்து துளைத்தது. பாதியில் உடைந்து நின்றது. கடைசியில் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எலி வளை போல் மண்ணைக் குடைந்து உள்ளே போகும் கூலிகளை. அந்த முறையில் நிலக்கரி தோண்டுவதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடை செய்திருந்தது. அப்படிப்பட்ட 12 பேர் குழாய்க்குள் ஊர்ந்து போய், கையால் மண்ணை வெட்டி, சட்டியில் அள்ளி வெளியே தள்ளினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் வேலை. மீதியிருந்த சுமார் 12 மீட்டரும் திறந்தது. 17ஆம் நாள் இரவு 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். நாடே கொண்டாடியது. மந்திரிகள் மாலையோடு நின்றார்கள்.

அந்தப் பன்னிருவருக்கு மாநில சர்க்கார் கொடுத்த வெகுமதி தலைக்கு 50,000 ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து 6 லட்சம். நிரந்தர வேலையை எதிர்பார்த்திருந்த அவர்கள் மனம் நொந்து, காசோலையை மாற்றுவதில்லை என்று முடிவு செய்ததாகச் சேதி வந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று அவர்களில் ஒருவருடைய வீட்டைத் தில்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. ஆக்கிரமிப்பாம். 41 உயிரை மீட்ட கை, மூன்று மாதம் கழித்துத் தன் வீட்டுச் சாமான்களைத் தெருவில் பொறுக்கியது.

அந்தப் பன்னிருவருக்கும் பதினோரு கோடி கொடுத்திருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இனாம் என்ற சொல்லே நமக்கு ஆகாது. ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் உலக யுத்தத்தில் கொள்ளை லாபம் குவித்த பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் போனஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். தாங்கள் மனமிரங்கிக் கொடுப்பது என்றார்கள். 1923ஆம் வருஷத்துக்குக் கிடையாது என்று கைவிரித்தார்கள். 1924 ஆரம்பத்தில் தொழிலாளிகள் ஆலைகளை நிறுத்தினார்கள். சர்க்கார் வைத்த கமிட்டி, போனஸைச் சட்டப்படி கேட்கத் தொழிலாளிக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. இனாம் என்று வாங்கினால் இனாம் என்றே நிறுத்துவார்கள். போனஸ் பிற்பாடு கொடுக்கப்படும் கூலி என்று வாதாடி, அது சட்டமாக 1965 வரை ஆயிற்று. அதற்குள் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேர் சிறை! நமக்குப் பக்கத்திலே, புதுச்சேரியில், 8 மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளிகள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள்.

இப்போது அந்தத் தாயின் சங்கதிக்கு வருவோம். அனந்தபுரம் பேரூராட்சி ஆனதால் நூறு நாள் வேலை அங்கே இருக்கவில்லை. சுற்றிலுமுள்ள ஊராட்சிகளில்தான் இருந்தது. 2024-25இல் தமிழ்நாட்டில் அதற்கு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் 11 கோடி என்பது 3,448 குடும்பங்களுக்கு வருஷம் முழுவதற்குமான நூறு நாள் கூலி. கிரிக்கெட் காசோலை மைதானத்திலேயே கைக்கு வந்தது. நூறு நாள் கூலியோ மாதக்கணக்கில் வரவில்லை. மத்திய சர்க்கார் தர வேண்டிய பாக்கி 4,034 கோடி என்று 2025 மார்ச்சில் மாநில சர்க்கார் சொன்னது. ஏரிக் கரையிலும் வாய்க்காலிலும் மண் சுமந்த பெண்கள், கூலி ஏறிவிட்டதா என்று பாங்கு வாசலுக்கு நடந்து நடந்து திரும்பினார்கள்.

2005ஆம் வருஷத்துச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கச் சொன்னது. தவறினால் பாக்கிக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.05 வீதம் நஷ்ட ஈடு. 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் பதினாறு காசு! கடையில் அதற்கு ஒரு வெற்றிலை கிடைக்குமா? அந்தப் பதினாறு காசையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று நம் தோழர்கள் கிராமம் கிராமமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, மாநிலங்களின் தலையில் முன்னைவிடப் பெரிய பங்கைச் சுமத்தும் வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றிவிட்டார்கள். பழைய பாக்கி அதனால் பாக்கி இல்லை என்று ஆகிவிடாது.

வேலை அட்டையை எடுங்கள். பாங்குப் புத்தகத்தையும் எடுங்கள். வேலை செய்த தேதியை ஒரு பக்கத்திலும் கூலி ஏறிய தேதியை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆலைத் தோழர்கள், லீவுக்கு ஊருக்கு வரும்போது, உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் காகிதங்களோடு விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து யூனியன் ஆபீசுக்குப் போவோம்.