விரலை நீட்டுமுன் கேளுங்கள்!

 

சென்னை மீனம்பாக்கத்தில் 2025 ஜனவரி முதல் விரைவுக் குடியேற்றச் சோதனைத் திட்டம் நடக்கிறது. முன்பதிவு செய்து, விரல் ரேகையும் முகப் பதிவும் கொடுத்தவர் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியே போகலாம். துபைக்கும் உம்ராவுக்கும் போகும் காஞ்சிபுரத்தாருக்கு வசதிதான்.

ஆனால், கொடுத்த ரேகை யார் கைக்குப் போகும்?

2002ல் அமெரிக்கா 25 நாட்டு ஆண்களிடம் ரேகை கேட்டது. வட கொரியா தவிர ஏறக்குறைய எல்லாமே முஸ்லிம் நாடுகள்! 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதி என்று தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை. 2016ல் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள்.

இங்கே? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பின் பெயரால் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு வழிவிட்டுள்ளது. வேலியே பயிரை மேயலாமா?

சேலையில் இழை தப்பினால் நெசவாளியின் கூலியில் பிடிக்கிறார்கள். இயந்திரம் தப்பினால் யாரிடம் பிடிப்பது? உழைத்துத் தேய்ந்த விரலை ரேஷன் கடைக் கருவியே மறுக்கிறதே!

இத்திட்டம் கட்டாயமல்ல. பதிவு எத்தனை காலம் இருக்கும்? யார் பார்ப்பார்கள்? தவறினால் எங்கே முறையிடுவது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்போம். கேட்காமல் விரலை நீட்டாதீர்!