தாய் செய்த குற்றம் என்ன?

ஒரு வீட்டில் குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே நம் நாட்டில் விசாரணை ஒன்று துவங்கிவிடுகிறது. அந்த விசாரணையில் குழந்தையைப் பற்றி எவரும் ஒன்றும் கேட்பதில்லை. பெற்றவளைத்தான் கூண்டில் நிறுத்துகிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று மாமியார் கேட்கிறாள். பூர்வஜென்ம பாவம் என்கிறான் சோதிடன். காற்று பட்டிருக்கிறது என்கிறான் பூசாரி. இவர்களையெல்லாம் பரிகசிக்கும் படித்த உறவினரோ, "நீ வேலைக்குப் போனாய், கைபேசியைக் கையில் கொடுத்தாய், அதுதான் காரணம்" என்கிறார். நீதிபதிகள் நான்கு பேர். சட்டங்கள் நான்கு விதம். ஆனால் குற்றவாளி மட்டும் ஒருத்தியே! தகப்பனை யாராவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்று கேட்கின்றோம்.

இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அச்சொல் நமக்குப் பிடித்தமானதல்ல. இறுகிக் கிடப்பது அக்குழந்தையின் மதியல்ல, அதைச் சுற்றி நின்று தீர்ப்புச் சொல்லுகிறவர்களுடைய மதிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகையால் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம். இது தொற்று வியாதியல்ல, பேயுமல்ல. கருவிலேயே மூளை வளரும் விதத்தில் ஏற்படுகிற ஒரு வேற்றுமை. பிறர் முகத்தையும் குரலையும் பார்த்துப் பழகி நாம் தானாகக் கற்றுக்கொள்ளும் காரியங்கள் இவர்களுக்குத் தானாக வருவதில்லை. ஒரே பொருளை வரிசையாக அடுக்குவார்கள், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், கேட்ட வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்கள். மிக்ஸி ஓசை சிலருக்கு இடி போல விழும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் ஓயாமல் பேசுவார்கள். சிலர் பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ம் வருஷத்தில் 127 பேருக்கு ஒருவர் இப்படிப்பட்டவர். 127 தாய்மாரில் ஒருத்தி கிரகணத்தில் வெளியே வந்தவள் என்று வைதீகர்கள் கணக்குச் சொல்லப் போகிறார்களா?

நிற்க, தாயைப் பழிப்பது சோதிடனோடு முடிந்த சங்கதியென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மெத்தப் படித்த டாக்டர்களும் அதையே செய்தார்கள் என்பதைத்தான் நாம் முக்கியமாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்நிலையை ஒரு தனி நிலையென்று உலகம் அறிந்துகொள்ள அதுவே பெருங்காரணமாயிற்று. இது பிறவியிலேயே உள்ளது என்றுதான் அவர் அதில் முடித்திருந்தார். ஆனால் பெற்றோர்களிடம் அன்பின் சூடு குறைவென்றும் அதிலேயே ஒரு வாக்கியம் வைத்தார். 1949-ல் எழுதியபோது, குழந்தைகள் குளிர்பெட்டிக்குள் வைக்கப்பட்டவை போல வளர்ந்தன என்ற பொருளில் எழுதிவிட்டார். அவ்வளவுதான், "குளிர்பெட்டித் தாய்" என்ற பட்டம் ஊரெல்லாம் பரவிற்று. சிகாகோவில் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம் என்பவர், தாய் தன்னை வெறுக்கிறாள் என்று உணர்ந்தே குழந்தை உள்ளே ஒடுங்கிக்கொள்ளுகிறது என்று 1967-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். ஹிட்லருடைய சிறைமுகாமில் தாம் அடைபட்டிருந்ததையும் இக்குழந்தைகளின் நிலையையும் ஒப்பிட்டார். அப்படியானால் தாய் யாருடைய ஸ்தானத்தில் நிற்கிறாள் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றாயிற்று.

இதற்கு என்ன ருஜு காட்டினார்கள்? ஒன்றுமில்லை. சோதிடன் கட்டத்தைக் காட்டினான். இவர்கள் மனோதத்துவத்தைக் காட்டினார்கள். பூணூல் போட்டுக்கொண்டு சொன்னாலும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னாலும், ஆதாரமில்லாத பேச்சு ஆதாரமில்லாத பேச்சுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வைத்தியத் துறையில் எதிர்த்துக் கேட்க இடமிருந்தது, கேட்டவர்களும் இருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் ஒரு மனோதத்துவ நிபுணர். தாமே இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பன். தம் மனைவி பிள்ளையை வெறுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுச் சங்கதியை வைத்து வாதாடாமல், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து, தாயைப் பழிக்க யாதொரு ஆதாரமும் இல்லையென்று 1964-ல் புத்தகம் எழுதினார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் பழைய கானரே வந்து, பெற்றோராகிய உங்களை விடுதலை செய்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

பிறகு லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 1977-ல் வெளியிட்டார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவாகப் பிறந்த 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படியில்லை. இரு வகையாருக்கும் தாய் ஒருத்திதான், வீடு ஒன்றுதான். வளர்ப்பு காரணமானால் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? 2019-ல் ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பேருடைய பதிவுகளை வைத்துப் பார்த்ததில், ஒருவருக்கு இந்நிலை வருவதற்கும் மற்றவருக்கு வராததற்கும் உள்ள வித்தியாசத்தில் 100-க்கு 80 பங்கு வரை மரபணுவைச் சார்ந்தது என்று தெரிந்தது.

இதைக் கேட்டவுடன் "அவள் வம்சத்து ரத்தம்" என்று மாமியார்கள் ஆரம்பித்துவிடப் போகிறார்கள். மரபணுவில் பாதி தகப்பனுடையது என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறோம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாறுதல் பிள்ளையில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. தகப்பன் வயது ஏற ஏற அம்மாதிரிப் புது மாறுதல்கள் அதிகமாகின்றன. இதற்காகத் தகப்பனைக் கூண்டிலேற்றச் சொல்லவில்லை. கூண்டே வேண்டாம் என்கிறோம்.

கைபேசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1943-ல் கானர் பார்த்த 11 குழந்தைகளில் எந்தக் குழந்தையின் கையில் கைபேசி இருந்தது? சிறு குழந்தைக்கு மணிக்கணக்கில் திரையைக் காட்டுவது கெடுதல்தான். ஆனால் ஆட்டிசத்தை உண்டாக்கியது அதுவென்பது வேறு பேச்சு. தடுப்பூசிக் கதையும் இவ்விதமே. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர் 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்துத் தட்டம்மை கூட்டுத் தடுப்பூசியின்மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்காடும் வக்கீலிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்தது பின்னால் வெளிவந்தது. 2010-ல் பத்திரிகை அக்கட்டுரையை ரத்து செய்தது. அதே வருஷம் அவர் பெயர் டாக்டர்கள் ஜாபிதாவிலிருந்தும் அடிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆராய்ச்சி, அத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லையென்று காட்டிவிட்டது. தடுப்பூசிக்குப் பயந்தவன் வீட்டில் ஆட்டிசம் குறையவில்லை. தட்டம்மைதான் உள்ளே வந்தது.

இனி, பயந்த தாயிடம் காசு பறிக்கக் காத்திருப்பவர்களைப் பார்ப்போம். தாயத்துக்காரனும் மொட்டைக்கு வேண்டச் சொல்லுபவனும் கேட்பது சில நூறு. ஸ்டெம் செல் ஊசி போடுகிறேன் என்பவன் கேட்பது லட்சங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் இந்த ஊசியை ஆட்டிசத்துக்குச் சிபாரிசு செய்வதற்கில்லை, இப்படிச் செய்வதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லியும் இருக்கிறது. உடம்பிலுள்ள உலோகத்தை இழுத்து வெளியேற்றுகிறோம் என்று மருந்து ஏற்றியதில் 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுப் பையன் ஒருவன் செத்தே போனான். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இன்றுவரை எதுவுமில்லை. வலிப்பு, தூக்கமின்மை, அடங்காத ஆத்திரம் முதலியவை கூட இருந்தால் அவற்றுக்கு மருந்துண்டு, அவ்வளவே.

அப்படியானால் ஒன்றுமே செய்வதற்கில்லையா என்று கேட்கலாம். செய்வதற்கு ஏராளமாக உண்டு. செய்யாமல் வருஷங்களைப் போக்குவதுதான் நம்மவர் வழக்கம். "இவன் தகப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்ற பாட்டியின் ஒரு வார்த்தையில் இரண்டு வருஷம் போய்விடுகிறது. ஒரு வயதில் பேருக்குத் திரும்பாமலும், ஒன்றரை வயதில் விரல் சுட்டிக் காட்டாமலும், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை இழந்தும் இருந்தால் காத்திருக்கவே கூடாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பிறகு பயிற்சி பெற்றவர்கள் குழந்தையோடு விளையாடிப் பார்த்தும், பெற்றோரை விரிவாக விசாரித்தும் முடிவு சொல்லுவார்கள். இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஒரு தடவை ஸ்கேன் எடுத்தே சொல்லிவிடுகிறேன் என்பவனிடம் ஜாக்கிரதையாயிருங்கள். பெண் குழந்தைகள் அடக்கமென்று நினைக்கப்பட்டுக் கவனிக்கப்படாமலே போய்விடுவதும் உண்டு. அடங்கிக் கிடப்பதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில் இதில் அதிசயமில்லை. இப்பரிசோதனைகளுக்கென்றே சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் இருக்கின்றன. கட்டணமில்லை.

சிகிச்சை என்பது பெரும்பாலும் கற்பித்தல்தான். பேச்சுப் பயிற்சி, குளிக்க, உடுக்க, சாப்பிடப் பழக்குதல், பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைக் கொண்டு கேட்கப் பழக்குதல் இவையே. படத்தைக் கொடுத்தால் பேச்சு வராது என்பது தப்பு எண்ணம். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். டாக்டர்களல்லாத சாதாரண ஊழியர்கள் பெற்றோருக்கு 12 தடவை சொல்லிக் கொடுத்தார்கள்: குழந்தையை இழுக்காதே, அது பார்ப்பதை நீயும் பார், அது தொடங்கும்வரை பொறு, பிறகு பதில் சொல். இந்தப் பெற்றோரின் பிள்ளைகள் தாமாகப் பேச்சுத் தொடுப்பது மற்ற பிள்ளைகளைவிட அதிகமாயிற்று. பெரிய கட்டடமோ மிஷினோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பெற்றோரின் நேரம்தான்.

இந்த நேரம் யாருடையது என்பதில்தான் மறுபடியும் பழைய அநியாயம் வந்து நிற்கிறது. பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் தாய், வேலையை விடுவதும் தாய், கலியாண வீட்டில் பிள்ளை கத்தினால் தலை குனிவதும் தாய். பெற்றோர் என்ற சொல் இருவரையும் குறிப்பது. வாரத்தில் ஒரு நாளாவது தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போகட்டும்; சொல்லிக் கொடுப்பதை அவனும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தார்க்கும் சொல்ல வேண்டியதுண்டு. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் பெறத் தகுந்த அளவு ஊனம் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசப் படிப்புக்கு உரிமையுண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பிள்ளையைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்று எந்தத் தலைமையாசிரியராவது சொன்னால், அதை அப்படியே கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுக்கும்படி கேளுங்கள்.