பந்தயச் சைக்கிளும் திரவ பிரேக்கும்

தொழில்முறைச் சைக்கிள் பந்தயங்களில் அண்மைக் காலத்தில் நேர்ந்த மாறுதல்களுள் தலையாயது பிரேக்கின் மாறுதலேயாகும். சக்கரத்தின் விளிம்பை இருபுறமும் ரப்பர்க் கட்டைகளால் கவ்வும் பழைய முறை நீங்கி, சக்கரக் குடத்தருகே பொருத்திய உலோகத் தட்டைத் திரவ அழுத்தத்தால் கவ்வும் முறை வந்துள்ளது. பந்தய வீரர் கையாளும் கருவி எவர்க்கும் உகந்ததே என்று விற்பனையாளர் கூறுவர். ஆராயாமல் இதனை ஏற்பது விஞ்ஞான முறையாகாது என்பது எமது கருத்து.

இதன் தத்துவம் புதியதன்று. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் விளக்கினார். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க டூசன்பர்க் மோட்டார் காரின் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் அமைந்தது. சாலைப் பந்தயச் சைக்கிளுக்கு அது வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மாறுதலுக்குக் காரணம் வெப்பமாகும். வீரரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் எனக் கொள்வோம். ஆல்ப்ஸ் மலைச்சாலையில் 1,000 மீட்டர் உயரம் இறங்குகையில் ஏறத்தாழ 7,35,000 ஜூல் சக்தி வெளிப்படும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். இதில் ஒரு பகுதி காற்றுத் தடையில் செலவாகும். பிரேக் பிடிக்குமளவு எஞ்சியது அங்கே வெப்பமாக மாறும். பந்தயச் சக்கரங்களின் கார்பன் இழை விளிம்பு எடை குறைந்தது. ஆயினும் மிகுந்த வெப்பத்தில் பழுதுறும், மழையில் பிடிப்புக் குன்றும். தட்டு பிரேக் அவ்வெப்பத்தை விளிம்பினின்றும் டயரினின்றும் அகற்றுகிறது. அகன்ற டயருக்கும் இடந்தருகிறது. இதுவே அதன் மெய்யான சிறப்பு. டயர் சாலையைப் பற்றும் அளவிற்கு மேல் எந்தப் பிரேக்கும் வண்டியை நிறுத்த இயலாது.

சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2015-இல் இதனைச் சில பந்தயங்களில் மட்டும் சோதித்தது. 2016-இல் சோதனையை விரிவாக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ வென்டோசோ காலில் பலத்த காயமுற்றார். தட்டே தம் காலைக் கிழித்ததென அவர் வெளிப்படையாக எழுதினார். அதனை மறுத்தோரும் உளர். சங்கம் சோதனையை நிறுத்தியது. தட்டின் ஓரங்கள் மழுக்கப்பட்ட பின்னர் 2017-இல் அது மீண்டும் தொடங்கிற்று. 2018 ஜூலையில் அனுமதி நிலைபெற்றது. இருப்பினும் 2020-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற டாடெய் பொகாச்சர் விளிம்பு பிரேக்குடனேயே வென்றார்.

ஐயம் எழுந்தவுடன் சோதனையை நிறுத்தியது பாராட்டற்குரியது. ஆனால் தட்டின் ஓரத்தை மழுக்க வேண்டும் என்பது பட்டறையிலேயே அறிந்திருக்கக் கூடிய செய்தி. அதனைப் பந்தய வீரரின் உடம்பில் கண்டறிய நேர்ந்தது முறையன்று.

பராமரிப்பும் கருதத்தக்கது. பந்தய வீரரின் பின்னே மெக்கானிக்கும் மாற்றுச் சைக்கிளும் காரில் வருகின்றன. நம் ஊர்ச் சாலையில் செல்வோர்க்கு அவ்வசதி இல்லை. சிலவகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் தரமுடையது புதிதாக 230 டிகிரி சென்டிகிரேடிலும், ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலும் கொதித்தால் போதுமென்பது விதி. கொதித்து ஆவிக்குமிழி தோன்றினால் பிரேக் கைப்பிடி வீணே அமுங்கும். உலோக விளிம்புடைய சாதாரணச் சைக்கிளைச் சமவெளியில் நிறுத்தக் கம்பி பிரேக்கே போதும். அதனைத் தெருமுனைக் கடைக்காரர் ஒரு ஸ்பானர் கொண்டு சீர்செய்வார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஊசி நீக்கிய சிறிதும் பெரிதுமான இரு சிரிஞ்சுகளில் நீர் நிரப்பி, ரப்பர்க் குழாயால் இணைத்துச் சிறியதை அழுத்தச் செய்க. பின்னர்ச் சிறிது காற்றைப் புகவிட்டு மீண்டும் அழுத்தச் செய்க. பாஸ்கல் விதியையும் பிரேக் தவறும் காரணத்தையும் மாணவர் தம் விரலாலேயே உணர்வர்.

களப்பணியாளர்க்கும் இதிற் பாடமுண்டு. எந்தப் புதிய கருவி வந்தாலும், அது எக்குறையை நீக்குகிறது, அக்குறை நம்மிடம் உள்ளதா, பழுதானால் செப்பனிடுவோர் அருகில் உளரா என்று கேட்டறிந்த பின்னரே அதனை மக்களுக்குப் பரிந்துரைத்தல் வேண்டும்.