கிளீனர் சீட்டில் தொடங்காதவள்

என் சித்தி மகள் பதினோரு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். இதுவரை ஒரு விபத்து இல்லை. கண்டெய்னர் டிரெய்லருக்கு மாறினால் சம்பளம் கூடும் என்று சங்ககிரியில் ஒரு லாரி உரிமையாளரைப் பார்க்கப் போனாள். அவர் லைசென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மணி, டிரெய்லர்ல எத்தன வருசம் கிளீனரா ஓடியிருக்கற?" என்று மட்டும் கேட்டார்.

பெண்களை வெளியே நிறுத்தும் மொத்த ஏற்பாடும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியும் 2019இல் நீங்கியது. 1993இலேயே குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். ஆனாலும் டிரெய்லரில் ஒரு பெண்ணைப் பார்ப்பது இன்றும் அதிசயம்தான்.

டிரெய்லர் வேறு வித்தை என்பது உண்மை. ரிவர்ஸில் பின்வண்டியின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். வளைவில் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஈரச் சாலையில் பிரேக்கைத் தவறாக மிதித்தால் வண்டி பேனாக்கத்தி போல மடங்கிவிடும். லாரியில் பழகிய கை இங்கே மறுபடி பழக வேண்டும்.

அந்தப் பழக்கம் ஆணுக்கு எங்கே கிடைக்கிறது? பையனாகக் கிளீனர் வேலையில் சேர்கிறான். டயர் தட்டிப் பார்க்கிறான், தார்ப்பாய் கட்டுகிறான், பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுக்கிறான். ஒரு நாள் நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் டிரைவர் ஸ்டியரிங்கை அவனிடம் தருகிறார். படிப்பும் கிடைக்கிறது, படிக் காசும் கிடைக்கிறது. அந்தக் கேபின்தான் அவனுடைய கல்லூரி.

ஒரு பெண் அந்நிய ஆணோடு ராப்பகலாக அதே கேபினில் இருந்து தொழில் கற்றுவந்தால் ஊர் அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று நமக்குத் தெரியாதா? கல்லூரியைப் பூட்டிவிட்டுச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். பிறகு, "பெண்கள் முன்வருவதில்லை" என்று கவலைப்படுகிறார்கள்.

முனைவர் பட்டத்துக்கு எனக்கு ஒரு நெறியாளர் இருந்தார், உதவித்தொகை இருந்தது. எங்காவது கற்றுக்கொண்டு வா என்று என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கும் அதுவே வேண்டும். அரசுப் பயிற்சி மையங்களில் பெண்கள் பழக டிரெய்லர் வண்டிகள் நிற்கட்டும். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கட்டும். லாரி நிறுத்தங்களில் பெண்களுக்குப் பூட்டு உள்ள கழிப்பறையும் படுக்க ஓர் அறையும் வரட்டும். லாரியில் ஓட்டிய பதினோரு வருடத்தை அனுபவமாகக் கணக்கில் எடுக்கட்டும்.

அன்று அவள் சும்மா திரும்பி வரவில்லை. "என்னைய யாருங்ண்ணா கிளீனரா சேத்திக்கிட்டாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். அவர் பதில் சொல்லவில்லை.

பதில் வரும்வரை நாமும் கேட்போம்.