தலைக்கு ஊத்தினார்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு கொலை நடந்திருக்கிறது. செய்தவர் என் தாத்தா. செத்தது அவரைப் பெற்ற அம்மா. 1994-ல், நான் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்னால். போலீஸ் வரவில்லை, கேஸ் இல்லை, யாரும் ஒரு ராத்திரி கூட ஸ்டேஷனில் உட்காரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாம்.

கொலை என்று நான் சொல்வது வீட்டில் யாருக்கும் பிடிக்காது. "தலைக்கு ஊத்தினோம்" என்பார்கள். ஏதோ வெள்ளிக்கிழமைக் குளியல் மாதிரி.

விருதுநகர் மாவட்டத்துப் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைக்கூத்தல் என்று பேர். படுக்கையில் விழுந்து, இனி எழுந்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டிவிட்ட வயசாளியை அதிகாலையில் தூக்கி உட்கார வைத்து, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, அப்புறம் இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். முடியாவிட்டால் பால் ஊற்றுவார்கள். நாம் பாசத்தோடு செய்கிற காரியங்கள்தான் எல்லாமே.. எண்ணெய் தேய்த்து விடுவது, இளநீர் வெட்டிக் கொடுப்பது, பால் கொடுப்பது. கத்தி எடுத்திருந்தால் யாராவது ஒருத்தராவது கை நடுங்கி நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

2020-ல் 'பாரம்' படம் வந்தபோது (தேசிய விருது வாங்கிய படம், பிரியா கிருஷ்ணசாமி எடுத்தது) நண்பர்கள் சிலர் "இப்படியெல்லாமாடா இன்னும் நடக்குது" என்று கேட்டார்கள். 'கே.டி. (எ) கருப்புதுரை'யில் கோமாவில் இருந்து எழுந்த தாத்தா, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடிப் போவாரே, அது கற்பனை என்று நினைத்தவர்களும் உண்டு. 2010-லேயே நிஜமாக நடந்து பேப்பரில் வந்த விஷயம் அது. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்து வீட்டை விட்டுத் தப்பி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அவர் காதில் விழுந்த பேச்சில் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதும் இருந்தது. அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். கருணை, வறுமை என்று எழுதுகிறவர்கள் இந்த நிலத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதையை இரண்டு வருடமாக நான்கு பேரிடம் கேட்டு ஒட்ட வைத்திருக்கிறேன். நான்கும் ஒரே கதை இல்லை.

எல்லோரும் ஒத்துக்கொள்வது இவ்வளவுதான். பூட்டி 1993 ஐப்பசி மழையில் களத்துப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார், கூடவில்லை. ஒன்பது மாதம் திண்ணையை ஒட்டின அறையில் படுக்கை. முதுகில் புண். அள்ளிப் போட்டது, கழுவி விட்டது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் என் அப்பத்தா, அதாவது மருமகள். தாத்தா ஒரு நாளும் அந்த அறைத் துணியைத் தொட்டதில்லை. ஆனால் முடிவு எடுத்தது தாத்தாவும் பெரிய தாத்தாவும்.

அப்பத்தா பகலில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பூட்டி விழுந்தபிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார். ஒட்டின எண்ணிக்கைக்குத்தான் காசு. ஒரு தடவை பூட்டியைக் கழுவித் துணி மாற்றி வந்தால் எத்தனை பெட்டி போச்சு என்று அவருக்கு விரல் நுனியில் கணக்கு இருந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று சார் நடத்தியபோது எனக்கு அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. எங்கள் பாடப் புத்தகத்தில் நிலம், இயந்திரம் என்று உதாரணம் இருக்கும். கிழவியின் மலத்தை அள்ளுகிற மருமகளின் நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதனால் எனக்கு அப்பத்தா மேல் கோபம் வரவில்லை. "எனக்கு அப்ப நிம்மதியாத்தான்டா இருந்துச்சு" என்று அவர் என்னிடம் நேராகவே சொன்னார். அந்த நேர்மை வீட்டில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

இனி நிலம். பூட்டி பேரில் இரண்டு ஏக்கர் கரிசல், மானாவாரி. அவர் செத்த நாற்பதாம் நாளுக்குள் தாத்தாவும் பெரிய தாத்தாவும் ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தங்கச்சி, வெளியூரில் கட்டிக்கொடுத்தவர், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். "நெலம் இல்லேன்னா கெழவி இன்னும் ரெண்டு வருசம் இருந்திருக்கும்" என்பது என் அத்தையின் கட்சி. அப்பா இதை ஒத்துக்கொள்வதே இல்லை. "அந்த வருசம் சாப்பாட்டுக்கே இல்ல, உனக்கென்ன தெரியும்" என்பார். இருக்கலாம். ஆனால் எங்களை விட இல்லாத வீடுகள் அதே தெருவில் இருந்தன. அங்கேயும் கிழவிகள் படுத்துக் கிடந்தார்கள், தானாகத்தான் செத்தார்கள். இதுவும் அத்தை சொன்னது, அப்பா மறுக்கவில்லை.

1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 25-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. சிலபஸில் இல்லை, லைப்ரரியில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. தாத்தாவின் அந்த ஒரு ஏக்கரை 2021-ல் விற்றோம். அந்தப் பணத்தில்தான் என் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம், லேப்டாப், முதல் வருட ஹாஸ்டல். இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று யாராவது சி.ஏ. படிக்கிற நண்பர்கள் சொல்லுங்கள்.

"அவங்களே கேட்டாங்க, என்னைய அனுப்பிருங்கடான்னு" என்று தாத்தா சொல்வாராம். கேட்டிருப்பார். 'இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு' என்று காது படப் பேசுகிற வீட்டில் ஒன்பது மாதம் படுத்துக் கிடந்தால் யாரும்தான் கேட்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருணைக்கொலை என்று இதற்கு மாலை போடுகிறவர்கள் 2018-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒரு தடவை படிக்க வேண்டும். அதில் அனுமதித்தது சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான். அதுவும் நோயாளி புத்தி தெளிவாக இருக்கும்போது எழுதி வைத்திருக்கலாம், அப்புறம் டாக்டர்கள் குழு பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நிபந்தனைகள். சொத்தில் பங்கு உள்ளவர்களே டாக்டராகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்துகொண்டு விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சென்னை நண்பன் ஒருவன் "உங்க ஊர்க்காரங்க காட்டுமிராண்டிங்கடா" என்றான். கோபம் வந்தது. பெற்றவர்களைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகிற நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி அவனுக்கு ஒரு லெக்சர் கொடுக்கலாம் என்று நினைத்து, கொடுக்கவில்லை. அது வேறு குற்றம், இது வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை லேசாக்குவதுதான் எங்கள் வீட்டில் முப்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. கொலைக்கு 302 அப்போதும் இருந்தது. 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பராமரிக்காத பிள்ளையிடம் மாதம் பத்தாயிரம் வரை வாங்கித் தரலாம், கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் இடுப்பு உடைந்து கிடக்கிற கிழவி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்படிப் போவாள், எந்த மகன் தோளில் தூக்கிக்கொண்டு போவான்? வீட்டில் நடந்த சாவு, வயது மூப்பு என்று பதிந்தார்கள், சாயங்காலமே எரித்தார்கள். புகார் கொடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்.

அதனால் தண்டனையை விட அந்த ஒன்பது மாதத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். அந்த வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஒரு நர்ஸ் வந்து புண்ணைச் சுத்தம் செய்து வலிக்கு மருந்து கொடுத்திருந்தால்? கேரளா 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நம் ஊரில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் அதில் இருந்தது. தீபாவளி மத்தாப்பு மாதிரி விளம்பரம் செய்ய வேண்டிய விஷயம் இதுதான், யாரும் பேசுவதில்லை. முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1200 ரூபாய் ஆக்கினார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீட்டில் அது எத்தனை நாள் டயப்பருக்கு வரும் என்று மெடிக்கல் ஷாப்பில் விசாரித்துப் பாருங்கள்.

தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்து சாத்தூர் வரை கூட்டிப் போய் சேவு வாங்கிக் கொடுத்தவர். எனக்கு அவரைப் பிடிக்கும், இதெல்லாம் தெரிந்த பிறகும் பிடிக்கும். 2017-ல் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து செத்தார். அப்பா வட்டிக்கு வாங்கிச் செலவு செய்தார், ஒருத்தரும் எண்ணெய் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி இளநீர் வாங்கி வந்து தாத்தாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். தாத்தா வாயை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவின் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருக்கும், டம்ளரை வாங்கித் தானே குடித்துவிட்டார்.

கையெழுத்துப் போட்ட தங்கச்சி இன்னும் உயிரோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், பேச்சு தெளிவு என்கிறார்கள். தன் அம்மா எப்படிச் செத்தார் என்று அவருக்கு எப்போது தெரியும், கையெழுத்துக்கு முன்னாலா பின்னாலா என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பொங்கல் லீவில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் பஸ் ரூட்டை மட்டும் சொன்னார்.