காய்ந்த புல்லும் மலைக்காற்றும்
2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைத் தீ வளைத்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சரிவில் காய்ந்து கிடந்தது புல். பெரிய மரக்கட்டை உலர வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த புல்லின் ஈரமோ காற்றின் ஈரப்பதத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கும். விடியலில் பனியில் நனைந்து, கொளுத்தினாலும் பிடிக்காத புல், பிற்பகல் வெயிலில் ஒரே பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அதன்பின் எல்லாம் காற்றின் கையில். அது சுடரை முன்னால் சாய்த்து, அடுத்த புல்லைச் சூடேற்றிவிடுகிறது. மேட்டுச் சரிவும் அதே வேலையைச் செய்கிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்களின் கணக்கு. மேல்நோக்கி ஓடுகிறவர் தீயை முந்துவது அரிது. நல்ல மழை பெய்த ஆண்டு என்று நிம்மதி அடைவதும் தவறு. அந்த மழையில் செழித்த புல்தான் மாசியிலும் பங்குனியிலும் எரியக் காத்திருக்கிறது. நீலகிரி உச்சிகளிலோ மார்கழி, தை உறைபனியே புல்லைக் கருக்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் வெப்பம், ஈரப்பதம், காற்று, புல் காய்ந்த அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு அன்றன்றைய தீ அபாயத்தைச் சாலையோரப் பலகையில் வண்ணத்தால் காட்டுகிறார்கள். நம் மலையடிவாரச் சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் அப்படியொரு பலகை வேண்டும். சிவப்பு காட்டும் நாளில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் மேலே விடக்கூடாது. அடுத்த கோடைக்கு முன்பே வனத்துறை இதைச் செய்ய வேண்டும்.